மஞ்சள் எரியாத லைன்

எங்கள் லைனில் ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் இரண்டு பல்புகள் உண்டு. சிவப்பு எரிந்தால் மெஷினில் கோளாறு. மஞ்சள் எரிந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவள் போக வேண்டும். எங்கே என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ‘மஞ்சள் போட்டேன்’ என்றால் போதும், பெண்களுக்குள் புரிந்துவிடும். மஞ்சள் எரிந்ததும் ரிலீவர் அந்த மேசைக்குப் போய், அவள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டும். போனவள் ஏழு நிமிடத்துக்குள் திரும்பிவிட வேண்டும். லைனில் ஓடுகிற பெல்ட் மட்டும் யாருக்காகவும் நிற்காது. இருபத்திரண்டு பெண்களுக்கு ஒரு ரிலீவர். இரண்டு வருடமாக அந்த ரிலீவர் நான்தான்.

ஓசூரில் பைக்குகளுக்கு மீட்டர் செய்கிற தொழிற்சாலை அது. இருபத்திரண்டு மேசை வேலையும் தெரிந்தவளைத்தான் ரிலீவராகப் போடுவார்கள். சாமல்பட்டியிலிருந்து ரயிலேறி வந்தபோது ஸ்க்ரூ டிரைவரை நேராகப் பிடிக்கத் தெரியாதவள் நான். அதனால் ரிலீவர் என்று தைத்த பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்ட முதல் வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. கோட்டோடு ஒரு செல்ஃபி எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, நான் நர்ஸ் ஆகிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

லைனில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. மேசை எண்தான் பெயர். ஐந்து, ஒன்பது, இருபத்தொன்று. சாப்பாட்டு நேரத்தில்கூட, “ஏம்மே ஒம்பது, ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளு” என்றுதான் பேசிக்கொள்வோம். நான் சொல்ல வந்தது பதினாலைப் பற்றி.

பதினாலு தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபது வயது இருக்கும். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர் என்று இருந்தாள். அவள் பேசுகிற தமிழ் முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, எங்கள் தமிழ் அவளுக்கு அதைவிடச் சிரிப்பாக இருந்தது. வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த பதிமூன்று தெலுங்கில் திட்டினால், பதினாலு அவளுடைய ஊர்ப் பேச்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் மற்றவள் சொன்னது புரியாது. ஆனாலும் சண்டை சரியாக நடக்கும்.

ஓசூருக்குப் பிழைக்க வந்த எல்லோரிடமும் உடம்பை ஏமாற்ற ஒரு வித்தை இருக்கும். இரும்பு வார்க்கிற காஸ்டிங் பட்டறையில் இருக்கும் என் வீட்டுக்காரர், அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கம் போய் வாங்கி வந்த பாக்குப் பொட்டலத்தை உதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தூக்கத்தை ஏமாற்றுவார். பக்கத்து போர்ஷன் பையன்கள் நான்கு பேரும் பரோட்டாவால் பசியை ஏமாற்றுவார்கள். ஹாஸ்டல் பெண்கள் ஆடிட் வாரத்தில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு மாதவிலக்கையே தள்ளி வைத்துவிடுவார்கள். எங்கள் லைனின் வித்தை தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் எழுதக் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். “மொதல் ரெண்டு மாசம் மஞ்ச போடாதீங்கம்மே, பேரு கெட்டுப்பூடும். காலையில தண்ணி குடிக்காம வந்தா தன்னால பழகிடும்.” நானும் அப்படித்தான் பழகினேன். ஊரில் பள்ளிக்கூடக் கழிவறைக்குக் கதவு கிடையாது. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அப்படி வளர்ந்தவர்கள் எட்டு மணி நேரம் அடக்குவதை ஒரு திறமையாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் முழு ஷிப்டும் மஞ்சள் போடாமல் இருந்ததைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் தடவை எனக்குக் கரு தங்கியது மூன்றே மாதம்தான். கலைந்தது லைனில் இருந்தபோது. நான் ரிலீவரான புதிது. ஒன்பது மஞ்சள் போட்டுப் போக, அவள் மேசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். எழுந்தபோது நாற்காலியைப் பார்த்துப் பதினாலுதான் முதலில் கத்தினாள். தன் கோட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டி, முதலுதவி அறைவரை என்னைத் தாங்கிக்கொண்டு போனாள். அந்த நாற்காலியை அவளே கழுவினாள் என்று பிறகு பதிமூன்று சொன்னாள். அதைப் பற்றி நானும் பதினாலும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு வருடம் கழித்து மறுபடியும் தங்கியது. இதை எழுதும்போது அந்தப் பிள்ளை என் பக்கத்தில் தூங்குகிறாள், அதனால் அவளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அப்போது மட்டும் எல்லோரும் கவலைப்பட்டார்கள். மூன்றாம் மாதம் தாண்டியதும் லைனில் ரகசியமாகச் சாக்லேட் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரும் வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் லைனில் மஞ்சள் எரிவது குறைந்தது. ஒரு நாளைக்கு நான்கு, பிறகு இரண்டு. சில நாள் ஒன்றுமே இல்லை. லைனின் கோடியில் கம்பத்தை ஒட்டி நின்று, எரியாத பல்புகளைப் பார்த்துக்கொண்டே ஷிப்டு முடிந்துவிடும். எங்கள் சூப்பர்வைசர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். மற்ற லைன்காரர்களை அழைத்து வந்து என் முன்னாலேயே காட்டினார். “நோடி, இந்த லைன்ல மஞ்சளே எரியறதில்ல. ரிலீவரம்மா அப்படி டிசிப்ளின் வெச்சிருக்காங்க.” நான் குனிந்த தலை நிமிராமல் நின்றேன். உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

வாசலில் தண்ணீர் பாட்டில்கள் வைக்கும் அலமாரி உண்டு. லைனுக்குள் பாட்டில் கொண்டுவரக் கூடாது. ஷிப்டு முடிந்து போகும்போது பார்த்தால் இருபத்திரண்டு பாட்டிலும் கழுத்துவரை நிறைந்திருக்கும். வீட்டுக்குப் போகும்முன் மறக்காமல் நிரப்பி எடுத்துக்கொள்கிறார்களே, எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மக்கை அந்தத் தொழிற்சாலை அதற்கு முன் பார்த்திருக்காது.

ஐந்தாம் மாதம் முடியும்போது என் கால்கள் வீங்க ஆரம்பித்தன. சாயங்காலம் செருப்பு வார் உள்ளே பதிந்து கோடு விழும். விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். லைன் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கேன்டீனில் எனக்கு முன்னால் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, “கால தூக்கி வையிங்கக்கா” என்பாள் பதினாலு. நாளைக்கு இரண்டு என்று எரிந்துகொண்டிருந்த மஞ்சளும் அத்தோடு நின்றது.

ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டில் பதினாலாம் மேசையில் சிவப்பு எரிந்தது. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பதினாலு மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. விலாவுக்குக் கீழே கையை அழுத்தியபடி, “ஒண்ணுமில்லக்கா, குளுருது” என்றாள். பட்டனைப் பார்க்காமல் அமுக்கியதில் சிவப்பு எரிந்திருக்கிறது. காய்ச்சல் அவ்வளவு ஏறாமல் இருந்திருந்தால் எந்தப் பட்டனையும் அமுக்கியிருக்கமாட்டாள்.

கம்பெனி வேனில் பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மாவுக்கு என் சித்தி வயது இருக்கும். சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். டப்பாவில் வந்தது கொஞ்சம்தான், அதுவும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

“எரிச்சல் எத்தனை நாளா இருக்கு?”

“ரெண்டு மாசமா வரும், போவும். மெடிக்கல்ல சொல்லி மாத்தர வாங்கிப் போடுவேன். நின்னுரும்.”

“எத்தனை தடவை வாங்கினே?”

“மூணு தடவ.”

“நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?”

பதினாலு என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “வேலைக்கு வார அன்னைக்கு ஒரு தம்ளர்” என்றாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சும்மா. இப்ப ஊசி போட்டா சரியாயிடும். மறுபடியும் இப்படி ஏறினா கிட்னியில தழும்பு விழும். அப்புறம் ஆயுசு பூரா இதே ஆஸ்பத்திரிதான். இவ அடக்கவே கூடாது. புரியுதா?”

எனக்குப் புரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. “ஏன்டி, நான் எதுக்கு அங்க கம்பத்துல நின்னுக்கினு இருக்கறன்? மஞ்ச போட்டா நான் வரமாட்டனா? நான் அவ்ளோ கெட்டவளா?” என்று கத்திவிட்டேன். அவள் காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

“கூப்புட்டா நீங்க ஓடி வருவியளே. ஒங்களுக்குக் காலு வீங்கிக் கெடக்குலாக்கா. மொத தடவ ஓடி ஓடித்தான் அப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொன்னாவ. அதான் இந்தத் தடவ ஒங்கள ஓட விடக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்.”

முதல் தடவை நான் உட்கார்ந்த இடத்தில்தான் நடந்தது. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் பயத்துக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. இருபத்திரண்டு பெண்கள், ஏழு ஊர்க்காரிகள், மூன்று பாஷைக்காரிகள், ஓர் ஊறுகாய் பாட்டிலுக்கு அடித்துக்கொள்கிறவர்கள், இதில் மட்டும் ஒருத்திகூட மாறாமல் இரண்டு மாதம் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அதைத்தான் நான் டிசிப்ளின் என்று வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாருமே என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டதில்லை, யாரையுமே நான் அவ்வளவு கெடுத்ததும் இல்லை.

டாக்டரம்மா போகாமல் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்கு எத்தனை மாசம்? வேலை என்ன?” என்று கேட்டார். சொன்னேன். “யாரும் கூப்பிடாத நேரத்துல எங்கே உட்காருவே?” என்றார்.

“உட்கார மாட்டங்க. ரிலீவருக்கு சேர் கிடையாது. யாராச்சும் கூப்புட்டா அவங்க சேர்ல உட்காருவன்.”

“அப்போ யாரும் கூப்பிடலேன்னா?”

“நிப்பன்.”

“எட்டு மணி நேரமுமா?”

தலையை ஆட்டினேன். அவர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது. “நடந்தா வீங்காதும்மா. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தா வீங்காது. கம்பம் மாதிரி ஒரே இடத்துல நின்னா இப்படித்தான் கீழே இறங்கி நிக்கும்” என்றார்.

அவர் போன பிறகு அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நான் ஓடக் கூடாது என்று அவர்கள் அடக்கினார்கள். அவர்கள் அடக்கியதால் நான் நின்றேன். நின்றதால் கால் வீங்கியது. வீங்கிய காலைப் பார்த்து இன்னும் அடக்கினார்கள். இதற்கு மேல் ஒரு முட்டாள்தனத்தை உட்கார்ந்து யோசித்தாலும் உண்டாக்க முடியாது. அழுத கண்ணோடு சிரித்தும்விட்டேன்.

அவள் தூங்கும்போது அவள் போன் என் கையில் இருந்தது. அம்மா என்று வந்தது, எடுத்தேன். இந்த மாதிரி என்று தெரிந்தால் அப்பா மறுநாளே வந்து கூட்டிப்போய்விடுவார், பிறகு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள், அவள் படித்த டிப்ளமோ பெட்டியில் கிடக்கும் என்று பதினாலு எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அதனால் வெறும் காய்ச்சல் என்று சொன்னேன். அந்த அம்மா, “தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்கம்மா. அந்த ஊருத் தண்ணி அவளுக்குச் சேரலியோ என்னமோ” என்றார். சரிங்கம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் சீட்டுகளுக்கு நடுவே நின்று, டாக்டரம்மா சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். பஸ்ஸில் டிரைவர் இருக்கிறார், வேறு லைன் ஆண்கள் இருக்கிறார்கள் என்ற கூச்சமெல்லாம் எனக்கு அன்றைக்கு இல்லை. மூத்திரம் என்ற வார்த்தையை அந்த பஸ்ஸில் முதன்முதலில் உரக்கச் சொன்னது நான்தான். “இன்னைலருந்து மஞ்ச போடாதவ எங்கூடப் பேசாதீங்க” என்று முடித்தேன். பதிமூன்று மட்டும் மெதுவாக, “அக்கா, நிஜமா நின்னாதான் வீங்குமா?” என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன்.

அன்றைக்கு மஞ்சள் மாறி மாறி எரிந்தது. ஆறில் எழுந்தால் பதினேழு, பதினேழில் எழுந்தால் மூன்று. சூப்பர்வைசர் வந்து, “ஏனம்மா, லைனுக்கு என்ன ஆச்சு?” என்று கலவரத்தோடு கேட்டார். “லைனுக்கு நல்லாயிடுச்சு சார்” என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்னை நல்ல ரிலீவர் என்று அதற்குப் பிறகு அவர் யாரிடமும் காட்டவில்லை. கொஞ்ச நாள் அது உறுத்தியது, இல்லை என்று சொன்னால் பொய்.

பதினைந்து நாள் கழித்துப் பதினாலு வேலைக்குத் திரும்பினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவள் பல்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்ற மேசைகளில் எரிந்தது, பதினாலில் எரியவில்லை. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. சாயங்காலம் பாட்டிலைப் பார்த்தேன், பாதி குறைந்திருந்தது. குடிக்கிறாள், போகமாட்டேன் என்கிறாள். குடிக்காமல் அடக்குவதைவிட அது மோசம் என்று பட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர், “ஊர்ப் பொண்ணுக்கெல்லாம் நீ ஏம்மே காவல் நிக்கற?” என்றார். அவர் உதட்டிலிருந்த பொட்டலத்தை விரலை விட்டுத் தோண்டி எடுத்து வெளியே எறிந்தேன். பாவம், அவர் மேல் கோபம் இல்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பதினாலின் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“உனுக்கு என்னா பிரச்சன? ஆயுசு பூரா ஆஸ்பத்திரியில கெடக்கணுமா? உங்கப்பாவ நானே கூப்புட்டு உன்னக் கூட்டினு போகச் சொல்லட்டா?”

“வேண்டாங்கா.”

“அப்ப ஏன் மஞ்ச போடல?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “பட்டன்ல கைய வச்சாலே எனக்கு அந்தச் சேருதாங்கா ஞாவகம் வருது. நீங்க சும்மா எனக்காவச் சொல்லுதிய. டாக்டரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாவ. நீங்களும் அவியளும் பேசும்போது நான் தூங்கிட்டேம்லா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற எல்லோரும் என் பேச்சை நம்பிவிட்டார்கள். அந்த நாற்காலியைக் கழுவியவளுக்கு மட்டும் பேச்சு போதவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன். மேசைக்கு அடியில் காலை நீட்டி, “அமுக்கிப் பாரு” என்றேன்.

கேன்டீனில் நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சாப்பிட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து, இடது கைக் கட்டைவிரலால் என் கணுக்காலை அமுக்கினாள். விரலை எடுத்துப் பார்த்தாள். குழி நிற்கவில்லை. மறுபடியும் அமுக்கினாள். இன்னொரு காலையும் அமுக்கினாள். பதினைந்து நாள் நடந்தும் உட்கார்ந்தும் எழுந்தும் வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. அவள் மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். மேலே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மணி ஒன்றே கால் இருக்கும். பதினாலில் மஞ்சள் எரிந்தது.

பக்கத்து மேசைக்காரிகள் ஒருத்தியும் நிமிரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் போனபோது அவள் எழுந்து நாற்காலியை எனக்காகப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வயிறு மேசையில் இடிக்காமல் நான் உட்கார்ந்து முடிக்கிறவரை விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டேன். பெல்ட்டில் அடுத்த மீட்டர் வந்தது.

“சீக்கிரமா வந்துருதேங்கா” என்றாள்.

“மெதுவா வா” என்றேன். “நான் கொஞ்ச நேரம் உட்காரணும்.”